ஸ்டெல்லாவுக்கு ஒரு டீவியேஷன் நோட்

நியமன விதி ஆறு: டெக்னிக்கல் ரைட்டராக வருபவர் மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்திருக்க வேண்டும். எங்கள் கம்பெனிக்கு அந்த விதியை எழுதிக் கொடுத்தவன் நான்தான்.

ஓசூரில் ஹைட்ராலிக் பிரஸ் செய்யும் கம்பெனி. மேனுவல் எழுதும் பிரிவு என் பொறுப்பு. விதிப்படி வந்தவன் மஞ்சுநாத். விதியைப் படிக்காத ஹெச்.ஆர். ஆறு மாதப் பயிற்சிக்கு அனுப்பிவைத்தவள் ஸ்டெல்லா. காவேரிப்பட்டினத்துப் பெண், பி.ஏ. வரலாறு. பயிற்சி முடிந்ததும் அனுப்பிவிடலாம் என்றிருந்தேன்.

எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. மேனுவலை வெளியிடும் முன் ஆபரேட்டர் முனிராஜ், ஒன்றும் தெரியாதவர் போல, எழுதியிருப்பதை மட்டும் செய்துகாட்டுவார். ஃபில்டர் மாற்றும் பக்கத்தை இருவரையும் தனித்தனியாக எழுதச் சொன்னேன்.

மஞ்சுநாத்தின் தாளைப் படித்த முனிராஜ், நேராக ஃபில்டர் மூடியில் ஸ்பானரை வைத்தார்.

“அண்ணா, நிறுத்துங்க! பிரஷர் இன்னும் இறங்கல!” என்று மஞ்சுநாத் பதறினான்.

“பேப்பர்ல அது இல்லீங்களே தம்பி.”

“அது யாருக்குண்ணா தெரியாது?”

“புதுசா வர்றவனுக்கு உங்க மாமனார் வந்து சொல்லுவாராக்கும்?”

ஸ்டெல்லாவின் தாளில் பிரஷரை இறக்குவதுதான் முதல் வரி. அவளுக்கு எதுவும் தெரியாது என்பதால் எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். அவளைக் கண்டாலே ஃபிட்டர்கள் டீ குடிக்கக் கிளம்பிவிடுவார்கள். ஆனால் கடைசி வரி, ‘போல்ட்டை நன்றாக இறுக்கவும்.’

“நல்லான்னா எவ்ளோம்மா? ஒடையற வரைக்குமா?” என்றார் முனிராஜ்.

மஞ்சுநாத் சிரித்துக்கொண்டே எவ்வளவு விசையில் இறுக்க வேண்டும் என்ற டார்க் அளவைச் சொன்னான். அவள் எழுதிக்கொண்டாள். மறுநாள் இருவருக்கும் ஒரே மேஜை போட்டேன்.

விதியைத் தளர்த்தக் கேட்டுத் தலைமை அலுவலகத்துக்கு எழுதினேன். பதில் இல்லை. அவளுடைய பயிற்சியும் முடிந்தது. அளவு சற்று மாறி வந்த பாகத்தை மூன்று மாதத்துக்கு ஏற்றுக்கொள்ள டீவியேஷன் நோட் என்றொரு படிவம் உண்டு. அதை எடுத்தேன். பாகம்: ஸ்டெல்லா. குறை: டிப்ளமோ இல்லை. ஏற்கக் காரணம்: தெரியாததைக் கேட்கிறது.

“என்ன சார், என்னய ரிஜெக்ட் ஆன வால்வு மாதிரி எழுதியிருக்கீங்க?”

“ரிஜெக்ட் இல்லம்மா. ஏத்துக்கிட்ட வால்வு.”

அந்தப் படிவத்தை இரண்டு முறைதான் புதுப்பிக்கலாம். இரண்டாவது முறை புதுப்பித்தது, நான் ஓய்வு பெறும் மே முப்பத்தொன்றோடு முடிந்தது. எனக்குப் பின் அதில் கையெழுத்துப் போட எவரும் துணிய மாட்டார்கள். அந்தக் கடைசி நாள் காலை, மஞ்சுநாத்திடம் வாங்கி வைத்திருந்த டார்க் அட்டவணையை ஸ்டெல்லா அவனிடம் திருப்பிக் கொடுத்தாள்.

“வச்சுக்க. சாயங்காலம் வரைக்கும் டைம் இருக்குதில்ல?” என்றான் அவன்.

தொழிற்படிப்பா, கலைப்படிப்பா என்று இப்போதும் என்னைக் கேட்கிறார்கள். மெஷின் தெரிந்தவன், கைக்குப் பழகியதை எழுத மறப்பான். தெரியாதவளுக்கு அளவு விட்டுப்போகும். இருவரையும் ஒரே மேஜையில் உட்கார வையுங்கள் என்பேன்.

விதி ஆறில் ‘அல்லது ஏதேனும் ஒரு பட்டம்’ என்று சேர்க்கத் தலைமை அலுவலகத்தின் ஒப்புதல் வந்தபோது, விடைபெறும் விழாவில் எனக்கு மாலை போட்டுக்கொண்டிருந்தார்கள். கடிதத்தை ஸ்டெல்லாவிடமே கொடுத்து ஃபைல் செய்யச் சொன்னேன். பெறப்பட்ட நாள் என்ற இடத்தில் அவள் எழுதினாள்: மே முப்பத்தொன்று.