ஜாம்பி சொன்ன ‘வா’

என் மனைவி நிர்மலாதேவியால் ஒரே ஒரு காரியம் மட்டும் முடியாது. வீட்டுக்கு வந்தவரை ‘வாங்க’ என்று கேட்காமல் இருக்க முடியாது. கரண்டு மீட்டர் பார்க்க வருபவர், ஓட்டுக் கேட்க வருபவர், முகவரி தவறி எங்கள் அதியமான்கோட்டைக்கு வந்து விழிக்கும் கூரியர்காரர், யாராக இருந்தாலும் வாசலில் நிழல் விழுந்ததும் ‘வாங்க’ வந்துவிடும். ஒருமுறை கறித்துண்டைக் கவ்விய நாயைத் துரத்திக்கொண்டு கடைக்காரர் எங்கள் வீட்டுக்குள் ஓடிவந்தார். அவரையும் முதலில் ‘வாங்க’ என்று கேட்டுவிட்டுத்தான் நாய் போன திசையைக் காட்டினாள்.

இதில் ஒரே விதிவிலக்கு என் தங்கை யுவராணி. மொரப்பூரில் அவள் புதுவீட்டுக்குக் குடிபோன அன்று சமையல்காரரிடம் போனில் கத்திக்கொண்டிருந்தவள், படியேறி வந்த அண்ணியை ‘வாங்க’ என்று கேட்கவில்லை. நிர்மலா பந்தியில் உட்காராமலே திரும்பிவிட்டாள். பிறகு ஒரு நாள் யுவராணி இங்கே வந்தபோது, இவள் ‘வா’ என்று ஒரு வார்த்தை சொல்லாமல் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். அவள் வாசலோடு போய்விட்டாள். சேதாரம் இரண்டு பக்கமும் சமம்; நடுவில் நசுங்கியவன் நான்.

வருஷக்கணக்காகப் பேச்சில்லை. தை பிறந்தால் யுவராணியின் மகள் ஐஸ்வர்யாவுக்குக் கல்யாணம். தாய்மாமன் நான், மனைவியோடு போய் நின்று சீர் செய்யவேண்டும். அதற்கு யுவராணி எங்கள் வீட்டுக்குள் வந்து பத்திரிகை வைக்கவேண்டும். இவள் கூப்பிட்டால்தான் அவள் வருவாள், இவளோ கூப்பிடுகிற மாதிரி இல்லை. நான் தூக்கம் கெட்டுத் திரிந்தேன்.

இந்த நேரத்தில்தான் பிரபாகர் வந்தான். இன்ஜினியரிங் படித்துவிட்டு சினிமா சினிமா என்று அலையும் தருமபுரிப் பையன். ஜாம்பிப் படம் எடுக்க எங்கள் வீடு வேண்டும் என்றான்.

“ஜாம்பின்னா?” என்றாள் நிர்மலா.

“செத்தவங்க எந்திரிச்சு வந்து கடிப்பாங்கக்கா. தப்பிச்சு ஓடுறவன் தன் போன்ல எடுக்கற மாதிரி படம். கடைசில அவனும் செத்துருவான். போன் மட்டும் கெடைக்கும். அதுல இருக்கற வீடியோதான் நாம காட்டறது.”

“போனு கெடைச்சா போலீஸ்ல குடுக்க மாட்டாங்களா?”

பிரபாகர் வீட்டு ஜாம்பியாக அவளையே நடிக்கக் கேட்டான். வசனம் கிடையாது, உறுமினால் போதும் என்றான். சினிமா என்றதும் சம்மதித்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஜன்னல்களில் தார்ப்பாய் கட்டி வீட்டை இருட்டாக்கினார்கள். கேழ்வரகுக் களியை அவள் நெற்றியிலும் கன்னத்திலும் அப்பி, மேலே குங்குமத்தைத் தேங்காயெண்ணெயில் குழைத்துப் பூசினார்கள். “திங்கற களியப் போயி இப்படி வீணாக்கறீங்களே” என்று புலம்பினாலும் கண்ணாடியை இரண்டு தரம் பார்த்துக்கொண்டாள். கல்யாணமான புதிதில்கூட நான் அவளை அப்படி உற்றுப் பார்த்ததில்லை.

கதாநாயகன் போனும் கையுமாக மூச்சிரைக்க உள்ளே ஓடிவந்தான். இருட்டிலிருந்து ஜாம்பி திரும்பியது.

“வாங்க!”

“கட்! அக்கா, நீங்க செத்துட்டீங்க.”

“செத்தா என்னப்பா? வூட்டுக்கு வந்தவங்கள வாங்கன்னு கேக்காம நிப்பாங்களா?”

அடுத்த தடவை நன்றாகத்தான் உறுமினாள். உறுமி முடித்த மூச்சிலேயே “தண்ணி குடிக்கிறீங்களா?” என்றாள். பிறகு வாயில் துணியை அடைத்துப் பார்த்தார்கள். வாய் சும்மா இருந்தது, கை நாற்காலியைக் காட்டியது. பிரபாகர் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டான்.

“மாமா, இவங்க வாங்கன்னு கேக்காத ஆளே ஊர்ல கெடையாதா?”

எனக்குப் பொறி தட்டியது. தங்கைக்குப் போன் போட்டேன்.

“உங்கண்ணி பேயா நிக்கறா. நீ வந்து போன்ல படம் புடிக்கணும்.”

“அவங்க எப்பவும் அப்படித்தான?” என்றாள். ஆனாலும் மத்தியானம் பஸ் பிடித்து வந்துவிட்டாள், தோளில் ஒரு பையோடு. இரும்புக் கேட்டைத் தாண்ட மட்டும் மறுத்தாள்.

“வான்னு கேக்காத வூட்டுக்குள்ள நான் கால் வெக்க மாட்டேன்.”

“அக்கா, நீங்க எங்க போறீங்க? போன்தான் உள்ள போவுது. நீங்க படத்துலயே தெரிய மாட்டீங்க” என்றான் பிரபாகர்.

அவளுக்கு அந்த நியாயம் பிடித்திருந்தது. போனை முகத்துக்கு நேரே பிடித்து, அதன் பின்னால் ஒளிந்தபடி நுழைந்தாள். நான் சமையலறைக் கதவருகே நின்றேன். ஜாம்பி திரும்பி, வந்தது யார் என்று பார்த்தது. யுவராணியின் கையில் போன் வெடவெடவென்று ஆடியது. அதைத் தத்ரூபம் என்று நினைத்து பிரபாகர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினான். என் தங்கைக்கு நிஜமாகவே கை நடுங்குகிறது என்று எனக்குத்தான் தெரியும். நிர்மலா இரண்டடி எடுத்து வைத்து மூச்சை இழுத்தாள்.

“வ்வ்வ்வாஆஆஆ...”

யுவராணி போனோடு வாசலுக்கு ஓடினாள்.

“கட்! சூப்பர்!”

வாசலில் நிர்மலாவைத் தவிர எல்லோரும் சேர்ந்து வீடியோவைப் போட்டுப் பார்த்தோம்.

“அண்ணி என்னை வான்னு கேட்டாங்க” என்றாள் யுவராணி.

“அது உறுமல்” என்று உள்ளிருந்து பதில் வந்தது. “வாயத் தொறந்து உறுமுனா வான்னுதான் வரும்.”

“மத்தவங்களுக்கெல்லாம் வாங்கன்னு வந்துச்சாமே? எனக்கு மட்டும் எப்படி ‘வா’ வந்துச்சு? வயசுல சின்னவளத்தான வான்னு கேப்பாங்க?”

திரும்பத் திரும்பப் போட்டார்கள். படக்குழு இரண்டாகப் பிரிந்து சண்டை போட்டது. இரண்டு பேருமே எனக்கு வேண்டியவர்கள் என்பதால் நான் இரண்டு பக்கத்துக்கும் தலையாட்டினேன்.

“சரி, உறுமல்னா உறுமலாவே இருக்கட்டும்” என்று சொல்லிவிட்டு யுவராணி கிளம்பினாள். கேட்டுக்கு வெளியே போய்ப் பையைத் தோளில் சரிசெய்தபோது, அதிலிருந்து மஞ்சள் தடவிய பத்திரிகை முனை எட்டிப்பார்த்தது. அப்போதுதான் வாசலுக்கு வந்திருந்த நிர்மலாவும் அதைப் பார்த்துவிட்டாள். இப்போது போனால் யுவராணி திரும்ப வரமாட்டாள்.

நிர்மலா என்னைப் பார்த்தாள், பையைப் பார்த்தாள். தெருவில் போனவர்கள் அவள் முகத்தைக் கண்டு மிரண்டு ஒதுங்கினார்கள். இப்போது யார் கையிலும் போன் இல்லை, எந்தப் படமும் ஓடவில்லை.

“வ்வ்வ்வாஆஆஆ...” என்று உறுமினாள்.

யுவராணி சிரித்துக்கொண்டே அழுதாள். வேகமாகக் கேட்டைத் தள்ளி உள்ளே வந்து, தட்டு வாங்கிப் பத்திரிகையும் வெற்றிலை பாக்கும் எடுத்து வைத்தாள். அண்ணிக்கு வைத்துவிடக் குங்குமத்தைத் தொட்டவள், அந்த முகத்தைப் பார்த்ததும் விரலோடு அப்படியே நின்றாள்.

“இதுல நான் எங்க வெக்கறது அண்ணி?” என்றாள்.