வேலம்மாள் விட்டுப்போன காயில்

அன்றைக்குக் கொட்டகையில் நான் இருந்தேன். லைன்மேன் சுடலை அண்ணாச்சி இருந்தார். மாடசாமி இருந்தான். வேலம்மாள் இல்லை. அவளை எரித்து, சாம்பலுக்குப் பால் தெளிக்கிற காடாத்தும் முடிந்திருந்தது.

பேய் பிசாசு எதையும் நான் நம்பினவன் இல்லை. இப்போது நம்புகிறேனா, தெரியாது. நடந்ததைச் சொல்கிறேன், நீங்கள் சிரித்தாலும் சரி.

வேலம்மாள் மாடசாமிக்கு அக்கா. ராயகிரியில் கட்டிக்கொடுத்தார்கள். பிடிக்கவில்லை, தானே பஸ் ஏறி வந்துவிட்டாள். அப்பா கிணற்றில் மோட்டார் எரிந்து கிடந்தது. உள்ளே என்னதான் இருக்கிறது பார்ப்போம் என்று பிரித்தாள். கம்பியை எண்ணிக்கொண்டே உருவி, அதே கணக்கில் புதுக் கம்பி சுற்றி ஓடவிட்டாள். யாரும் சொல்லித் தரவில்லை. பிறகு சங்கரன்கோவிலில் திருவேங்கடம் ரோட்டில் கொட்டகை போட்டு, ஊர் மோட்டாருக்கெல்லாம் கம்பிச் சுருள் சுற்றிக் காயில் கட்டினாள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபதுகளில் ஒரு பொம்பளை, அதுவும் சைக்கிளில் வருவாள். சும்மா இருக்க மாட்டாள். பழைய மோட்டாரில் கலர் கண்ணாடித் துண்டுகளை ஒட்டிச் சுற்றவிட்டு ஆடித் தபசுத் திருவிழாவுக்கு வாசலில் வைப்பாள். கூட்டம் நிற்கும்.

சுடலை அண்ணாச்சி ஒருநாள் சீண்டினார். “ஏ வேலம்மா, மாப்பிள்ளை பாக்கட்டா?”

“பாருங்க அண்ணாச்சி. காயில் கட்டத் தெரிஞ்சவனா பாருங்க, சம்பளம் குடுக்கேன்.”

கொட்டகையில் ஒரே சட்டம்தான். கம்பி சுற்றும்போது யாரும் பேசக்கூடாது. எண்ணிக்கை தப்பினால் மோட்டார் எரிந்துவிடும். மாடசாமிக்குச் சின்ன வயதில் காய்ச்சல் வந்து காது போய்விட்டது. பேசுவான், கேட்காது. இவன்தான் இந்த வேலைக்கு லாயக்கு என்று அவனைப் பக்கத்தில் உட்காரவைத்துப் பழக்கினாள்.

எரிந்துபோன என் கிணற்று மோட்டாரை அவளிடம் கொடுத்திருந்தேன். அதில் கடைசிக் காயில் பாக்கி இருக்கும்போது நெஞ்சுவலி வந்து செத்தாள். எனக்கு மிளகாய் பூவும் பிஞ்சுமாக நின்றது. ஆடிக் காற்று நிலத்தை உறிஞ்சிக்கொண்டிருந்தது. போன வருஷமும் காய்ந்துபோனது. இதுவும் போனால் நிலத்தை விற்க வேண்டியதுதான். மிச்சத்தைச் சுற்றிக் கொடு என்று துட்டி வீட்டில் கேட்கக் கூடாதுதான். கேட்டேன். மாடசாமி எழுந்து வந்தான்.

மத்தியான நேரம். காற்றில் தகரம் அடித்துக்கொண்டே இருந்தது. எனக்கு நிலைகொள்ளவில்லை, உள்ளுக்கும் வாசலுக்கும் நடந்தேன். ஒரு காயிலுக்கு அறுபத்திரண்டு சுற்று. மாடசாமி வாய்க்குள் எண்ணிக்கொண்டே கைப்பிடியைச் சுற்றினான். பாதிக்கு மேல் போயிருக்கும், சுடலை அண்ணாச்சி தீப்பெட்டி கேட்டு அவன் தோளைத் தட்டிவிட்டார். அவன் நிமிர்ந்தான். கை நின்றது.

“போச்சு. எண்ணிக்கை போச்சு.”

உருவிவிட்டு மறுபடி சுற்று என்று கையால் காட்டினேன்.

“உருவினா மேல்பூச்சு உரிஞ்சிரும். வேற கம்பி கிடையாது. ஒண்ணு மேல ஒண்ணா கிடக்கு, சுத்தினதை எண்ணவும் முடியாது.”

“ஏன் வே, உமக்கு இப்பவா பீடி கேட்டுது?” என்று அண்ணாச்சியிடம் பாய்ந்தேன். அதற்குள் மாடசாமி இடது பக்கம், அவள் உட்காருகிற பலகையைத் திரும்பிப் பார்த்தான். தலையைக் குனிந்தான்.

“சரிக்கா.”

எங்களுக்கு ஒன்றும் கேட்கவில்லை, நம்பினால் நம்புங்கள், தகரச் சத்தம்தான். அவன் கைப்பிடியைப் பிடித்து, “நாப்பத்தெட்டு” என்று வாய்விட்டுச் சொல்லிச் சுற்றத் தொடங்கினான். அறுபத்திரண்டில் நிறுத்தினான்.

மறுநாள் தண்ணீர் பாய்ந்தது. மிளகாய் பிழைத்தது.

அக்கா என்ன சொன்னாள் என்று பிறகு அவனிடம் சைகையில் கேட்டேன்.

“சும்மாவா சொன்னா? திட்டிட்டுல்லா சொன்னா,” என்றான். இடி விழுந்தாலும் திரும்பாதவன்.

பல வருஷம் ஓடி, வோல்டேஜ் குறைந்து அந்த மோட்டார் எரிந்தது. வேறு கடையில் பிரித்தார்கள். எல்லாக் காயிலையும் கேட்டு வாங்கிவந்தேன். ஒன்றிலாவது கூடக்குறைய இருக்கும், அவன் குருட்டாம்போக்கில் சொன்னான் என்று நிம்மதியாக இருக்கலாம். கம்பியை உருவி ஒவ்வொன்றாக எண்ணினேன். அண்ணாச்சியையும் எண்ணச் சொன்னேன். எது அவள் சுற்றியது, எது அவன் சுற்றியது என்று தெரியவில்லை. எல்லாவற்றிலும் அறுபத்திரண்டு.