பேட்டரியை எடுத்த கை

கடலூரில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு மூன்றாம் நாள் குருவிநத்தம் திரும்பினேன். வாசலில் நிறுத்தியிருந்த கார் ஸ்டார்ட் ஆகவில்லை. பானட் பூட்டு உடைந்திருந்தது. தூக்கிப் பார்த்தால் பேட்டரி இல்லை.

எனக்கு உடனே எதிர்வீட்டுச் செல்வி ஞாபகம்தான் வந்தது. ரோட்டில் அவள் காயவைத்த நெல்மேல் நான் காரை ஏற்றியதிலிருந்து எங்களுக்குள் பேச்சுவார்த்தை கிடையாது. பழி தீர்த்துவிட்டாள் என்றே முடிவு செய்தேன்.

யாரையும் கேட்கவில்லை. காய்ந்த மிளகாயை அரைத்து எடுத்துக்கொண்டு காளி கோயிலுக்குப் போனேன். அம்மன் சிலை முழுக்கப் பூசி, "பேட்டரிய எடுத்த கை வெளங்காம போவணும்" என்று வேண்டிக்கொண்டேன். மனசு குளிர்ந்தது.

வீட்டுக்கு வந்தால், கோணிப்பையில் எதையோ தூக்கிக்கொண்டு செல்வி நின்றாள். என் முகத்தைப் பார்க்காமலே பேசினாள்.

"முந்தாநேத்து ரெண்டு பேரு பானட்ட நெம்பிட்டு இருந்தானுவ. தொரத்திவுட்டேன். திரும்பி வந்துடுவானுவன்னு, டிராக்டர் ஸ்பேனர எடுத்தாந்து நானே பேட்டரிய கழட்டி வூட்ல வச்சேன். இந்தா, புடி."

நான் வாங்கவில்லை. அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுபடியும் கோயிலுக்கு ஓடிக் குடம்குடமாகத் தண்ணீர் ஊற்றினேன். மேலே பூசியது போயிற்று. சிலையின் மடிப்புகளில் ஏறிய சிவப்பு போகவில்லை.

இப்போது நாங்கள் பேசிக்கொள்கிறோம். கோயில் விஷயத்தை மட்டும் நான் சொல்லவில்லை. கை வலிக்கிறது என்று செல்வி எப்போதாவது சொன்னால், அன்றைக்கு எனக்குச் சோறு இறங்காது.