அன்னாசி வராத இரண்டு வருடம்

கண்டியில் மழை விட்டாலும் எதுவும் உடனே கண்ணுக்குத் தெரியாது. முதலில் ஹந்தானை மலைப் பக்கம் மூடுபனி கொஞ்சம் விலகும். பிறகு ஒரு கூரை, பிறகு ஒரு மரம், அப்புறம்தான் எங்கள் குசினி வாசல். அந்த வாசலில்தான் வெள்ளிதோறும் சிங்களக் கிழவர் ஒருவர் பழக்கூடையை இறக்குவார்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கம். நான் கலியாணம் முடித்து இந்த வீட்டுக்கு வந்த புதிது. கிழவருக்கு மலைச்சரிவில் சின்னத் தோட்டம். பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துக்கு மூட்டை மூட்டையாக உரம் வரும். இவர் மண்ணுக்கோ மாட்டெருவும் அடுப்புச் சாம்பலும் சருகும்தான். "நோனா, என்ட மண்ணுக்கு வருத்தமில்ல, எனத்துக்கு மருந்து?" என்பார் உடைந்த தமிழில். பெருமை தாங்காது மனிதருக்கு. ஆனால் அவருடைய அன்னாசியை ஒருதரம் தின்றால் அந்தப் பெருமையை மன்னித்துவிடலாம்.

மாமி, என் கணவரின் உம்மா, ஜும்ஆத் தொழுகைக்குப் போன ஆண்கள் திரும்புமுன் அதைக் கறியாக்கிவிடுவார். முழுக்கப் பழுக்காததுதான் வேண்டும். கண் கண்ணாகத் தோண்டி, துண்டு போட்டு, மஞ்சளும் உப்பும் பிரட்டி வைப்பார். அரைத்த கடுகு, கறுவாப்பட்டை, ரம்பை இலை, மிளகாய்த்தூள், கடைசியில் தேங்காயின் முதல் பால். பால் விட்டபின் கொதிக்கவிட மாட்டார். அந்த வாசம் வந்தால் எனக்குக் கண் சொக்கிப்போகும்.

முதல் பிள்ளை வயிற்றில் இருந்தபோது அன்னாசியைத் தொடாதே என்று ஊரே சொன்னது. சூடாம், கரு தங்காதாம். எனக்கா அடங்கிப் பழக்கம்? மூன்றாம் மாதம் ஒரு பகல், மாமி தொழுகிற நேரம் பார்த்து, குசினியில் நின்றபடியே உப்பும் மிளகாய்த்தூளும் தொட்டு அரைப்பழம் தின்றேன். தோலை வாழையடியில் எறிந்தேன். நாலாம் நாள் எல்லாம் முடிந்துவிட்டது.

யாரும் என்னை ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் அடுத்த வெள்ளி மாமி கிழவரிடம், "அன்னாசி வேணாம், கொண்டு போங்க," என்றார். அதற்கடுத்த வெள்ளியும் அதேதான். தோலைக் கண்டுவிட்டார் என்று எனக்கு விளங்கியது. வாய் திறந்து ஏசியிருந்தால் நானும் திருப்பி ஏசியிருப்பேன், மனசு ஆறியிருக்கும். பேசாமல் அன்னாசியை நிறுத்தினார் பாருங்கள், அதைத்தான் தாங்க முடியவில்லை. இரண்டு வருடம் எங்கள் அடுப்பில் பலாக்காயும் அம்பரெல்லாக் காயும் வெந்தன. அந்த இரண்டு வருடமும் நான் என் பிள்ளையைக் கொன்றவளாகவே நடமாடினேன்.

பிறகு மறுபடி உண்டானேன். மசக்கையில் சோறு இறங்கவில்லை. பகலெல்லாம் தூக்கம். தூக்கத்தில் ஒரே கனவு. மலை முழுக்க அன்னாசி, நான் வெறுங்காலோடு ஏறுகிறேன், ஒரு முள்ளும் குத்துவதில்லை. விழித்தால் நாக்கு ஊறியிருக்கும். இந்தப் பிள்ளையையும் தின்று தொலைத்துவிடுவேனோ என்று என் வாயை நம்பவே பயந்தேன்.

ஒரு வெள்ளி, கிழவர் அம்பரெல்லாவை எடுத்து வைத்தபோது, அடியில் வேறு வீட்டுக்கென்று வைத்திருந்த அன்னாசியின் வாசம் மேலே வந்தது. அவ்வளவுதான். வாசற்படியில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன். கிழவர் பயந்துபோய்க் கூடையைத் தூக்கிக்கொண்டு நாலடி தள்ளி நின்றார், பாவம்.

"எனத்துக்கு அழுற புள்ள?" என்றார் மாமி.

"அன்னைக்கு நான் அன்னாசி தின்டேன் மாமி. அந்தப் புள்ள போனது என்னாலதான்."

மாமி பக்கத்தில் உட்கார்ந்தார். "தெரியும். தோலக் கண்டேன். மத்தவங்க காண முந்தி நான்தான் சாம்பல் குழியில போட்டு மூடின."

"அப்ப ஏன் அன்னாசிய நிப்பாட்டினீங்க?"

"அதக் கண்டா ஒன்ட மொகம் செத்துப்போற. அதுக்குத்தான்."

அட அல்லாவே! நான் இரண்டு வருடமாகத் தண்டனை என்று நினைத்தது இதைத்தானா?

"எனக்கு மூணு போச்சு," என்றார் மாமி. என் கணவர் பிறப்பதற்கு முந்தின கதை அது. அன்றுவரை எனக்கு யாரும் சொன்னதில்லை. "வயித்துல ஈக்கக்கொள்ள நான் அன்னாசியத் தொட்டதே இல்ல. மொதலாவதுக்கு, பொழுதுபடுற மஃரிப் நேரம் கெணத்தடிக்குப் போனதாலன்னு செல்லினாங்க. ரெண்டாவதுக்கு, கைய ஒசத்தி ஈரப்பலா புடுங்கினதாலன்னாங்க. மூணாவதுக்குச் செல்ல ஒண்டும் கெடைக்கல்ல. என்ட ராசின்னாங்க."

கண்ணில் ஒரு சொட்டு இல்லாமல் சொன்னார். எனக்கு அழுகை நின்று, இவரை அப்படிச் சொன்னவர்கள் மேல் கோபம் கோபமாக வந்தது.

மாமி எழுந்து கிழவரைக் கூப்பிட்டு அந்த அன்னாசியைக் கேட்டு வாங்கினார். "தின்றியா?"

"பயமா ஈக்கி மாமி."

"அப்ப வேணாம். வாசத்த மட்டும் புடி."

என் கட்டிலுக்கு மேலே ஜன்னல் விளிம்பில் அதை வைத்தார். பச்சை மஞ்சளாகி, மஞ்சள் சிவந்து, நாலைந்து நாள் அங்கேயே இருந்தது. வெளியே மழை, உள்ளே அந்த வாசம். அந்த மலைக் கனவு பிறகு வரவில்லை. கஞ்சியும் கொஞ்சம் இறங்கியது.

மகள் பிறந்தாள். நாற்பது நாள் கழிந்த வெள்ளி, மாமி மறுபடி அன்னாசிக் கறி ஆக்கினார். பிள்ளை என் மடியில் தூங்க, ஒரே பீங்கான் தட்டில் இருவரும் தின்றோம். பாதியில் மாமியின் கை நின்றது.

"ஒன்ட ஒண்டும் என்ட மூணும், நாலும் சுவர்க்கத்துல ஈக்கி புள்ள."

"அங்க அன்னாசி ஈக்குமா மாமி?"

"ஈக்கும்," என்றார். "தின்னாதன்னு செல்லத்தான் ஆருமில்ல."