ஸ்டாருக்காக டைரக்ட் கொடுத்த வீடு

சாமுவேலிடமிருந்து போன் வந்தபோது ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு புது வீட்டில் ஏணி மேல் நின்று மின்விசிறி மாட்டிக்கொண்டிருந்தேன். சித்திரை மாதம், மத்தியானம்.

"அண்ணாச்சி, கிரேஸுக்கு ஷாக் அடிச்சிருச்சு. ஆஸ்பத்திரில இருக்கோம். உசுருக்கு ஒண்ணுமில்லன்னு டாக்டர் சொல்லுதாரு. வீட்ல எங்க லீக் ஆவுதுன்னு தெரியல. நீங்க செத்த போய்ப் பாருங்க. சாவி பக்கத்து வீட்ல இருக்கு."

எங்கே தப்பு நடந்தது என்று எனக்குத் தெரியும். வேறு யாருக்கும் தெரியாது என்பதும் தெரியும். அவர்கள் வீடு இருக்கும் சேத்தூர் போய்ச் சேரும்வரை வண்டியில் அதைத்தான் நினைத்துக்கொண்டு போனேன்.

டிசம்பர் மழை

சாமுவேலுக்கு ராஜபாளையத்தில் ஸ்பின்னிங் மில்லில் சூப்பர்வைசர் வேலை. அவர் மனைவி கிரேஸ் வீட்டிலேயே பவர் மிஷின் போட்டு, தளவாய்புரத்திலிருந்து துணி எடுத்து நைட்டி தைத்துக் கொடுப்பவர். அந்த வீட்டுக்கு வயரிங் செய்தது நான்தான். இ.எல்.சி.பி.யும் நான் வற்புறுத்தி மாட்டியது. பெட்டியில் ஆர்.சி.சி.பி. என்று போட்டிருந்தாலும் எங்கள் பக்கம் எல்லோருக்கும் அது இ.எல்.சி.பி.தான். கரண்ட் போகக்கூடாத வழியில், அதாவது ஒரு மனுசன் உடம்பு வழியாக, கொஞ்சம் போனாலும் கண்ணிமைக்கும் நேரத்தில் லைனை அறுத்துவிடும். "உயிரைக் காப்பாத்துற சாமான், காசு பாக்காதீங்க" என்று அன்றைக்கு நான் பேசிய பேச்சை இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

டிசம்பர் வந்தால் எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவ வீடுகளில் மொட்டை மாடியில் கம்பு நட்டு ஸ்டார் தொங்கவிடுவார்கள். நம் ஊருக்கு மழையும் அப்போதுதான். ஸ்டாருக்குப் போகும் வயரில் எங்காவது ஜாயின்ட் போட்டு டேப் சுற்றியிருப்பார்கள். அது நனைந்ததும் இ.எல்.சி.பி. டிரிப் ஆகும், வீடே இருட்டாகிவிடும். விபத்துக்கு முந்தின டிசம்பரில் ஒரே வாரத்தில் இதே புகாரோடு ஐந்தாறு வீடுகள். சாமுவேல் வீடும் அதில் ஒன்று.

சாமுவேல் அன்று மில்லுக்கு லீவு போட்டுவிட்டுக் காத்திருந்தார். "அண்ணாச்சி, ஊரெல்லாம் ஸ்டார் எரியுது, நம்ம வீடு மட்டும் அணைஞ்சு அணைஞ்சு எரியுது. இன்னைக்குச் சர்ச்லருந்து கேரல் பாட வேற வாராங்க. என்னமாவது பண்ணுங்க" என்றார்.

செய்ய வேண்டிய வேலை ஒரு மணி நேர வேலை. ஜாயின்ட் இல்லாமல் மாடிவரை புது வயர் இழுத்து, ஹோல்டரை மாற்ற வேண்டும். கையில் வயர் இல்லை, மழை விடவில்லை, அடுத்த வீட்டுக்காரர் போனில் கத்திக்கொண்டிருந்தார். நான் டி.பி.யை, அதாவது இ.எல்.சி.பி. மாட்டியிருக்கும் பெட்டியை, திறந்து இரண்டு துண்டு வயரால் பேஸையும் நியூட்ரலையும் இ.எல்.சி.பி.க்கு வெளியே நேராகச் சேர்த்துவிட்டேன். தொழிலில் இதற்கு டைரக்ட் கொடுப்பது என்று பேர். கரண்ட் இ.எல்.சி.பி.யைச் சுற்றிக்கொண்டு போய்விடும், அது இருந்தும் இல்லாத மாதிரிதான். ஸ்டார் எரிந்தது. சாமுவேல் முகமும் மலர்ந்தது.

"புது வருசம் முடிஞ்சதும் வந்து சரி பண்ணிருவேன் தம்பி" என்று சொன்னேன். பொய் சொல்லவில்லை, நிஜமாகவே அப்படித்தான் நினைத்தேன். இ.எல்.சி.பி. லிவர் மேலே நிற்கும், பெட்டி மூடியிருக்கும். பார்க்கிறவர்களுக்கு எல்லாம் ஒழுங்காக இருப்பதுபோலத்தான் தெரியும். ஒரு துண்டுப் பேப்பரில் எழுதி ஒட்டக்கூட எனக்குத் தோன்றவில்லை.

ஜனவரியில் கிரேஸ் போன் செய்தார். "அண்ணாச்சி, ஸ்டார எறக்கியாச்சு. பெட்டில என்னமோ சரி பண்ணணும்னு சொன்னீயளே, எப்ப வாரீய?"

"தளவாய்புரம் பக்கம் ஒரு வேலை கெடக்கு தங்கச்சி, வாரப்ப எட்டிப் பாக்கேன்."

அந்த வேலைக்குப் போனேன். போகவர அவர்கள் தெரு முனையைத் தாண்டித்தான் போனேன். ஒரு நாளும் வண்டியைத் திருப்பவில்லை. மறந்துவிட்டேன் என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் ஒவ்வொரு தடவையும் ஞாபகம் வந்தது, நாளைக்குப் பார்க்கலாம் என்று போய்விட்டேன்.

பூட்டிய வீடு

சாவி வாங்கித் திறந்தபோது அடுப்படியில் மாவு அப்படியே கிடந்தது. பக்கத்து வீட்டு அம்மாதான் நடந்ததைச் சொன்னார். ஓடுகிற கிரைண்டரில் கிரேஸ் வலது கையால் மாவைத் தள்ளிவிட்டிருக்கிறார், இடது கை ஸ்டீல் குழாயில். மோட்டார் லீக் ஆகி பாடியில் கரண்ட் ஏறிவிட்டது. பிடித்த கையை எடுக்க முடியவில்லை. அலறல் கேட்டு இந்த அம்மாதான் ஓடி வந்து மெயினை அணைத்திருக்கிறார்.

லீக் ஆகிற கரண்டை மண்ணுக்குள் இறக்கும் எர்த் குழியைப் போய்ப் பார்த்தேன். கோடையில் தண்ணீர் ஊற்றாமல் காய்ந்து வெடித்துக் கிடந்தது. எர்த்தும் இல்லை, இ.எல்.சி.பி.யும் இல்லை. அந்தப் பெண்ணுக்கும் கரண்டுக்கும் நடுவில் எதுவுமே இல்லை.

டி.பி.யைத் திறந்து நான் கொடுத்த இரண்டு துண்டு வயரையும் பிடுங்கினேன். பிடுங்கிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டேன். மெயினைப் போட்டு இ.எல்.சி.பி.யின் டெஸ்ட் பட்டனை அழுத்தினேன், டக்கென்று டிரிப் ஆனது. அவ்வளவு நல்ல சாமான்.

சாமுவேலுக்குப் போன் போட்டு, "கிரைண்டர் மோட்டார்தான் தம்பி. பழசு, லீக் ஆயிருக்கு" என்றேன்.

"நெனச்சேன். மாத்துவோம் மாத்துவோம்னு எம்புட்டோ மட்டம் சொன்னேன் அண்ணாச்சி. அவ அப்பா கல்யாணத்துக்கு வாங்கிக் குடுத்ததுன்னு கேக்கவே மாட்டேன்னுட்டா."

அந்த இடத்தில் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை.

மிஷின் விற்ற நாள்

கிரேஸின் உள்ளங்கையில் ஆழமான தீக்காயம். ஆறிய பிறகும் இரண்டு விரல்கள் மடங்கவில்லை. துணியைப் பிடித்து ஓட்ட அந்த விரல்கள் வேண்டும். சில மாதம் முயன்று பார்த்துவிட்டு மிஷினை விற்க முடிவு செய்தார்கள். கனெக்‌ஷனைக் கழற்றிக் கொடுக்க என்னையே கூப்பிட்டார் சாமுவேல். போகாமல் இருக்க என்னென்னவோ சாக்கு யோசித்தேன். கடைசியில் போனேன்.

கிரேஸ் மிஷின் பக்கத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நான் பிளக்கைக் கழற்றிக்கொண்டிருக்கும்போது சாமுவேல் என்னிடம் சொல்வதுபோல அவருக்குச் சொன்னார். "அந்தக் கிரைண்டர அன்னைக்கே தூக்கிப் போட்டிருந்தா இன்னைக்கு இத விக்க வேண்டாம்."

"ஆமா, எம் பிடிவாதந்தான்" என்றார் கிரேஸ். பல தடவை சொல்லிப் பழகிய பதில் அது.

ஸ்குரூடிரைவரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னேன். "தங்கச்சி, உங்க மேல தப்பில்ல. கிரைண்டர் லீக் ஆனது நெசம். ஆனா இ.எல்.சி.பி. வேலை செஞ்சிருந்தா உங்களுக்குச் சுருக்குனு ஒரு அடியோட போயிருக்கும். நான் டிசம்பர்ல ஸ்டாருக்காக டைரக்ட் குடுத்தத எடுக்கவே இல்ல. அன்னைக்கு யாரும் இல்லாதப்ப வந்து பிடுங்கிட்டுப் பொய் சொல்லிட்டேன்."

கிரேஸ் என்னை நிமிர்ந்து பார்த்தார். "ஜனவரில நான் போன் பண்ணேம்லா அண்ணாச்சி?"

"பண்ணுனீங்க."

அவர் சாமுவேல் பக்கம் திரும்பி, "கேட்டீயளா?" என்றார். சாமுவேல் மிஷின் மேசையைப் பிடித்துக்கொண்டு தலையைக் குனிந்து நின்றார். பிறகு, "நீங்க போங்க அண்ணாச்சி" என்றார். அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

வயரிங் வேலைக்கு வரும் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். இ.எல்.சி.பி. டிரிப் ஆனால் அது தொந்தரவு செய்யவில்லை, எங்கோ லீக் இருக்கிறது என்று சொல்கிறது. தேடிக் கண்டுபிடி. அன்றைக்கு முடியாவிட்டால் அந்த ஒரு லைனை மட்டும் கழற்றி வை. பண்டிகையாவது, விசேஷமாவது, திட்டினால் திட்டட்டும். வீட்டுக்காரர்களுக்கும் சொல்கிறேன், மாதம் ஒரு முறை டெஸ்ட் பட்டனை அழுத்துங்கள். லிவர் விழுந்தும் லைட் எரிந்தால் யாரோ டைரக்ட் கொடுத்திருக்கிறார் என்று அர்த்தம். கோடையில் எர்த் குழிக்கு இரண்டு குடம் தண்ணீர் ஊற்றுங்கள்.

தப்பு செய்தால் அன்றைக்கே சொல்லிவிடுவதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். என் அவசரம் கிரேஸின் விரல்களைப் பறித்தது. என் பயம், அதற்கு மேலும் எட்டு மாதம் அவரைச் சொந்த வீட்டிலேயே குற்றவாளியாக்கி வைத்தது. இரண்டில் எது பெரிய பாவம் என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

அந்த வீட்டுக்கு இப்போது வேறு ஒருவர் வேலைக்குப் போகிறார். ஒழுங்கான ஆள்தானா என்று நாலு பேரிடம் விசாரித்துக்கொண்டேன். ஒழுங்கான ஆள்தான் என்றார்கள்.