ஆன்டெனாக் கம்பத்தில் பூசணிக்காய்

ஆன்டெனாக்கார பிரான்சிசுக்கு நான் மூவாயிரத்து ஐநூறு ரூபாய் பாக்கி வைத்திருந்தேன். தொண்ணூற்றாறாம் வருஷம். கையில் பணமில்லாமல் அல்ல. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தைத் தலைமுழுகிவிட்டு இருபதாயிரம் கோழி வளர்த்தவன் நான். பேசாத போனுக்குக் காசு கொடுக்கிற பழக்கம் எனக்கில்லை, அவ்வளவுதான்.

பிரான்சிஸ் கருமத்தம்பட்டிக்காரன். அப்பனும் ஆத்தாளும் பண்ணையத்துக் கூலிக்குப் போனவர்கள். இவன் மண்ணில் குனிய மாட்டேன் என்று கூரைமேல் ஏறிவிட்டான். ஊர் ஊராக டிவி ஆன்டெனா மாட்டினான். கேபிள் டிவி வந்து அந்தப் பிழைப்பைத் தின்றதும், தொலைதூரம் பேசுகிற கார்ட்லெஸ் போனுக்கு மாறினான். டவுனில் டெலிபோன் லைனோடு ஒரு பெட்டி, தோட்டத்தில் ஒரு பெட்டி, இரண்டு பக்கமும் உயரக் கம்பத்தில் ஒன்றையொன்று பார்த்தபடி ஆன்டெனா. நடுவில் வயர் கிடையாது. லைசென்சும் கிடையாது. அவனுக்கு வாய் மட்டும் நிறைய உண்டு.

பல்லடத்தில் என் முட்டைக்கடை. பத்து கிலோமீட்டர் தள்ளிப் பண்ணையும் வீடும். காலையில் விலை தெரியாவிட்டால் லாரிக்காரன் நேற்றைய விலைக்கே ஏற்றிக்கொண்டு போய்விடுவான். பிரான்சிஸ் மாட்டிய அன்று பக்கத்து அறையில் பேசுவதுபோலக் கேட்டது. மறுநாள் வெறும் இரைச்சல். அப்புறம் அதுவுமில்லை.

அவனுக்கும் இக்கட்டுதான். சாமானெல்லாம் கோயமுத்தூர்க் கடையில் கடனுக்கு எடுத்தது. சனிக்கிழமைக்குள் கட்டாவிட்டால் கடைக்காரர் அவனுடைய டிவிஎஸ் மொபெட்டைப் பிடித்துக்கொள்வார். வண்டி போனால் பிழைப்பும் போச்சு.

“எங்க பக்கம் ஒரு கொறையுமில்ல, கடைப் பக்கம் பாரு” என்று இரண்டு தடவை அவனை டவுனுக்கே துரத்தினேன். அங்கே ஏறினான், கேபிள் முனையைப் பிரித்துத் துடைத்தான், பேட்டரி மாற்றினான். சனிக்கிழமை காலை, பாதி வழியில் ஒரு மேட்டில் நின்று, தன்னிடமிருந்த இன்னொரு பெட்டியில் கடையைக் கூப்பிட்டிருக்கிறான். தெளிவாகக் கேட்டிருக்கிறது; கோளாறு கடைப் பக்கம் இல்லை. நேராகப் பண்ணைக்கு வந்து கம்பத்தை அண்ணாந்து பார்த்தான்.

“ஏனுங்ணா, அது என்னுங்க?”

“பூசணிக்கா. கண்ணு தெரியலயா?”

மாட்டிய அன்றே ஆன்டெனாவை வேடிக்கை பார்க்க ஊரே வந்துபோனது. திருஷ்டி கழியட்டும் என்று என் சம்சாரம் சாமியாத்தாள், மூஞ்சி வரைந்த பூசணிக்காய் ஒன்றைக் கட்டச் சொல்லியிருந்தாள். தோட்டத்து ஆள் அதை ஆன்டெனாவிலேயே கட்டிவிட்டான்.

“எட்டுக் கிலோ தண்ணிய மூஞ்சிக்கு நேரா தொங்க உட்டா அது எப்படிங்க பேசும்? காத்துல ஆடி ஆடி, பல்லடத்தப் பாத்தது காங்கேயத்தப் பாக்குதுங்க. முட்ட வெலைக்கு மாட்டுனது அங்கத்த எண்ணெ மில்லு வெல கேட்டுட்டிருக்குது.”

சாமியாத்தாள் வாசலுக்கு வந்தாள். “நீங்க வேதக்காரங்க. திருஷ்டியப் பத்தி உங்களுக்கென்ன தெரியும்?”

“தெரியாம இருக்குமுங்களாக்கா. நாங்க சிலுவை மாட்டறமுங்க. அதுக்குள்ள தண்ணி இருக்காதுங்களே.”

அவள் சிரித்துவிட்டாள். பூசணிக்காய் பண்ணையின் இரும்புக் கேட்டுக்கு இடம் மாறியது. அவன் மேலே ஆன்டெனாவை இம்மி இம்மியாகத் திருப்ப, நான் கீழே போனைக் காதில் வைத்து, “இன்னும், இன்னும், நில்லு” என்றேன். சரியான இடத்தைப் பிடித்தது என் காதுதான். அவன் கை சும்மா திருப்பியது. மறுமுனையில் கடைக் கணக்குப்பிள்ளை தனபால், “முட்ட அஞ்சு பைசா ஏறிப்போச்சுங்க” என்றான்.

பிரான்சிஸ் இறங்கி வந்து கையை நீட்டினான். நூறு நூறாக எண்ணி வைத்தேன். மூவாயிரத்தில் நிறுத்தினேன்.

“ஆன்டெனா பூசணிக்காயைத் தாங்காதுன்னு நீ முன்னாலயே சொல்லியிருக்கோணும். அதுக்கு ஐநூறு புடிச்சுக்கறேன்.”

அவன் கையை மூடவில்லை. “கட்டுவீங்கன்னு தெரிஞ்சிருந்தா பூசணிக்காய்க்குத் தனி ரேட்டே சொல்லியிருப்பனுங்க.”

சாமியாத்தாள் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். மீதி ஐந்து நோட்டையும் ஒவ்வொன்றாக அந்தக் கையில் எண்ணி வைத்தேன்.