மஞ்சளா, சிவப்பா

“மொதல்ல லைட்டு மேல இருக்கிற தூசியத் தொடைங்கண்ணா. தொடைச்சிட்டு என்ன கலருன்னு சொல்லுங்க. நான் லைன்லயே இருக்கேன்.”

மறுமுனையில் ஓர் எக்ஸ்கவேட்டர் ஓட்டுநர், ஏதோ ஒரு பள்ளத்தின் விளிம்பில், சட்டைக் கையால் துடைத்துக்கொண்டிருக்கிறார். பியாட்ரிஸ் ரிசீவரைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு காத்திருக்கிறாள். டிபன் பாக்ஸில் எலுமிச்சை சாதம் காய்கிறது. தொடுவதில்லை. போன் முடியாமல் சாப்பிட மாட்டாள்.

“மஞ்சள் மாதிரி இருக்குது மேடம்.”

“மாதிரியெல்லாம் வேணாண்ணா. மஞ்சளா, சிவப்பா? கையால நெழல் கட்டிப் பாத்துச் சொல்லுங்க.”

ஒசூர் ரோட்டில் மண்ணள்ளும் இயந்திரங்களை விற்கும் கம்பெனியின் சர்வீஸ் பிரிவில் அவள் மேசை. பெங்களூரைச் சுற்றிக் கட்டடத்துக்கும் மேம்பாலத்துக்கும் நிலத்தைக் கிண்டாத இடமில்லை. கம்பெனி விற்ற வண்டி எதில் எச்சரிக்கை விளக்கு எரிந்தாலும், பஸ்ஸர் கத்தினாலும், முதலில் ஒலிப்பது அவளுடைய போன்தான். மஞ்சள் எரிந்தால் எஞ்சினில் ஏதோ குறை இருக்கிறது, அன்றைய வேலை முடிந்து பார்க்கலாம். சிவப்பென்றால் அந்த நிமிஷமே நிறுத்த வேண்டும். மெக்கானிக் போய்ச் சேரும்வரை வண்டி ஓடலாமா, நிற்க வேண்டுமா என்பதை அவள்தான் சொல்கிறாள். டைப்பிஸ்டாகச் சேர்ந்தவள். சர்வீஸ் மேனேஜர் சுந்தரமூர்த்தி சொல்லச் சொல்லக் கேட்டு இதைக் கற்றுக்கொண்டாள்.

துடைக்கச் சொல்வதையே கன்னடக்காரர் என்றால் “மொதலு பட்டேலி ஒரெஸி” என்பாள். சிவாஜிநகர்ப் பாய் என்றால் “பெஹ்லே போஞ்சோ பாய்.” துடைத்த பிறகுதான் மற்றக் கேள்விகள். புகை கறுப்பா வெள்ளையா, ஆயில் குச்சியை எப்போது இழுத்துப் பார்த்தது, தண்ணீர் எங்காவது சொட்டுகிறதா. “ரேடியேட்டர் மூடியில மட்டும் கைய வெக்காதீங்க, மூஞ்சி வெந்துடும்” என்று கேட்காமலே சொல்லுவாள். சில சமயம் போனை எஞ்சின் பக்கம் நீட்டச் சொல்லி, மறு காதை விரலால் அடைத்துக்கொண்டு கேட்பாள்.

மர்பி டவுன் வீட்டில் அக்கா டோரீனுக்கு இவளோடு துணி எடுக்கப் போவதென்றால் அலுப்பு. கமர்சியல் ஸ்ட்ரீட்டில் எந்தக் கடையிலும் பியாட்ரிஸ் துணியை வாசலுக்குக் கொண்டுவந்து வெயிலில் விரித்துப் பார்க்காமல் வாங்குவதில்லை. “இது மெரூன்மா, எதுக்கு இப்டி மொறைச்சுப் பாக்கற” என்று டோரீன் இழுப்பாள். கடைக்காரர் சிரிப்பார். பியாட்ரிஸ் சிரிப்பதில்லை.

முன்பு அவள் இப்படி இல்லை. என்ன கலர் என்று கேட்பாள், சொன்னதை எடுத்துக்கொள்வாள். செல்போன் எல்லார் கைக்கும் வராத காலம் அது. பாகலூர் தாண்டி ஒரு குன்றின் மேல் கல்குவாரி, அடிவாரத்தில் கல்லுடைக்கும் கிரஷர். மாதையன் என்ற, கல்லேற்றும் டம்பர் லாரியின் ஓட்டுநர், விளக்கு எரிவதைப் பார்த்து வண்டியை மேலேயே நிறுத்திவிட்டு, குவாரி ஆபீஸ் கொட்டகைக்கு இறங்கி வந்து போன் செய்தார்.

“என்ன கலருண்ணா?”

“மஞ்சள் மாதிரிதாம்மா இருக்குது. ஓட்டலாமா?”

திரும்பப் போய்ப் பார்த்து வரச் சொன்னால் அந்த வெயிலில் மறுபடி மேடேறி இறங்க வேண்டும். பாவமாக இருந்தது. பேச்சில் களைப்பும் தெரிந்தது. “ஓட்டுங்கண்ணா. சாயங்காலம் மெக்கானிக்க அனுப்பறேன்” என்றாள்.

ஆயில் அழுத்தம் இறங்கிப்போயிருந்த எஞ்சின், நிறைய கல்லோடு சரிவில் வரும்போது இறுகி நின்றுவிட்டது. எஞ்சின் நின்றால் அந்த வண்டியில் ஸ்டியரிங் கைக்கு அடங்காது. வளைவில் டம்பர் நேராகப் போய் விழுந்தது. கல்லுக்கு அடியிலிருந்து மாதையனை எடுக்கவே நெடுநேரமாயிற்று. உயிர் இல்லை.

சுந்தரமூர்த்தி போய்ப் பார்த்துவிட்டு வந்து, அவள் மேசைக்கு எதிரில் உட்கார்ந்தார். “லைட்டு மேல தூசி அப்பிக் கெடந்துச்சும்மா. வெயில்ல அதோட கண்ணாடியும் வெளுத்துப்போச்சு. தொடைச்சா அடியில சிவப்பு.” பிறகு, “நீ என்ன பண்ணுவ, போன்ல கலர் தெரியுமா” என்றார். அவளுக்கு அது ஆறுதலாக இல்லை. ‘மாதிரி’ என்று அந்த மனிதர் சொன்னது காதில் விழுந்ததே, ஏன் விட்டேன் என்றுதான் ஓடிக்கொண்டிருந்தது.

மாதையனின் மனைவி லட்சுமம்மா, தன் தம்பியோடு ஆபீஸுக்கு வந்தாள். புருஷன் கடைசியாக இங்கேதான் போன் செய்தார் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். சுந்தரமூர்த்தி நல்ல வார்த்தை சொல்லித் திருப்பி அனுப்பப் பார்த்தார். பியாட்ரிஸ் எழுந்து வந்தாள்.

“நான்தாம்மா பேசினேன்.”

“என்ன கேட்டாரு?”

“லைட்டு எரியுது, ஓட்டலாமான்னு கேட்டாரு.”

“நீ என்ன சொன்ன?”

“ஓட்டுங்கன்னு சொன்னேன்.”

அடிப்பாள் என்று நினைத்தாள் பியாட்ரிஸ். அடித்தால் தேவலை என்றும் இருந்தது. லட்சுமம்மா தம்பியின் பக்கம் திரும்பினாள். “கேட்டியா? கேட்டுட்டுத்தான் ஓட்டினாரு. அவரா ஓட்டல.” பிறகு பியாட்ரிஸின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். “குடிச்சிட்டு ஓட்டினாருன்னு குவாரிக்காரங்க எழுதிக் குடுத்திருக்காங்கம்மா. அவரு தொட்டது கெடையாது. நீ சொன்னத ஸ்டேஷன்ல வந்து சொல்லுவியா?”

“வரேன்.”

அவர்கள் வாசலைத் தாண்டியதும் சுந்தரமூர்த்தி கதவைச் சாத்தினார். “நீ போனா கம்பெனி பேரு வரும். உன் வேலை போகும். அந்தாளு திரும்பி வரப்போறதில்ல.”

“சரி சார்” என்றாள். மறுநாள் லீவு சொல்லிவிட்டு ஸ்டேஷனுக்குப் போனாள்.

கான்ஸ்டபிள் எழுதிக்கொண்டே வந்தவர் பேனாவை நிறுத்தினார். “போன்ல கேட்டா லைட்டு கலர் உனக்கு எப்படிம்மா தெரியும்?”

“தெரியாது சார். தெரியாமலேதான் ஓட்டச் சொன்னேன்.”

அவர் அவளை ஒரு மாதிரி பார்த்தார். தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்ள வந்தவளை அவர் அதுவரை கண்டதில்லை போலும். ‘குவாரிக்காரர் சம்மதித்தால் பார்க்கலாம்’ என்றார். லட்சுமம்மாவுடன் இன்னும் இரண்டு தடவை போனாள். பெஞ்சில் உட்காரவைத்துத் திருப்பி அனுப்பினார்கள். கடைசியில் வந்த அறிக்கையில் ஓட்டுநரின் அஜாக்கிரதை என்றிருந்தது. ஓட்டுநர் கம்பெனியைத் தொடர்புகொண்டதாகத் தெரிகிறது என்று ஒரு வரி. யாரிடம் பேசினார், என்ன பதில் வந்தது என்பதெல்லாம் இல்லை. லட்சுமம்மா தேன்கனிக்கோட்டைக்குப் போய்விட்டாள். போகும்போது சொல்லிக்கொள்ள வரவில்லை.

பியாட்ரிஸின் வேலை போகவில்லை. போயிருந்தால் ஒருவிதத்தில் நன்றாயிருந்திருக்கும் என்று டோரீனிடம் ஒரே ஒரு முறை சொன்னாள். சுந்தரமூர்த்தி வேலையைத் தவிர வேறு எதுவும் அவளிடம் பேசுவதை நிறுத்திக்கொண்டார். அவள் ராஜினாமா எழுதிய நாளும் உண்டு. எழுதிக்கொண்டிருக்கையில் போன் அடித்தது. யாரோ, எங்கோ, விளக்கு எரிகிறது என்றார்கள். வேறு யார் எடுத்தாலும் துடைத்துப் பார்க்கச் சொல்வார்களா என்ற நினைப்பில் எடுத்துவிட்டாள். அதன்பின் எழுதவில்லை.

போன வாரம் மாரத்தஹள்ளியில் பெரிய கட்டடம் ஒன்றுக்கான பள்ளத்திலிருந்து அழைப்பு. துடைத்தாயிற்று, சிவப்பு. பஸ்ஸர் இங்கே வரைக்கும் கேட்டது.

“ஆஃப் பண்ணுங்கண்ணா. பக்கெட்ட தரையில எறக்கி வெச்சிட்டு ஆஃப் பண்ணுங்க.”

போன் கை மாறியது. சைட் எஞ்சினியர். “டிப்பருங்க ரோடு வரைக்கும் நிக்குதும்மா. கொஞ்ச நேரம் ஓட்டினா ஒண்ணும் ஆகாது.”

“நிறுத்தச் சொல்லுங்க சார்.”

“மெக்கானிக் சொல்லட்டும். போன் எடுக்கற நீங்க யாரு சொல்றதுக்கு?”

“நிறுத்தச் சொல்லுங்க சார்.”

பின்னால் ஓட்டுநர் காத்திருக்கவில்லை போலிருக்கிறது. சாவியைத் திருப்பியிருக்க வேண்டும். பஸ்ஸரும் எஞ்சினும் ஒன்றாக அடங்கின. அந்த அமைதியில் எஞ்சினியரின் மூச்சு பெரிதாகக் கேட்டது.

“உங்க பேர் சொல்லுங்க. உங்க எம்.டி.கிட்ட பேசிக்கறேன்.”

“பியாட்ரிஸ். எழுதிக்குங்க சார்.”

“எழுதிட்டேன்.”

“படிங்க.”

அவர் ஏதோ வாய்க்கு வந்தபடி படித்தார். பியாட்ரிஸ் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, மேசையில் விரலால் ஒவ்வோர் எழுத்தாக எழுதியபடி, அவருக்குத் தன் பெயரை மெதுவாகச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தாள்.